நாம் வாழாத வாழ்க்கையைக் கதையில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாவலை முழுதாக எழுதி முடித்து, அச்சுக்குப் போக பத்து நாள் இருக்கும்போது, "இதில் யார் மனதையாவது புண்படுத்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் மாற்ற முடிவது நாலைந்து சொற்கள்தான். பிழையோ பெரும்பாலும் கதையின் முடிச்சிலேயே இருக்கிறது. அதை அவிழ்க்க அப்போது நேரமும் இருக்காது, மனமும் வராது.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். எதை எப்போது செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குக் கடைசி வரை ஒரே கதையை எடுத்துக்கொள்கிறேன். எழுதப் பழகும் நண்பர் ஒருவருடைய கதை. அவர் அனுமதியோடு, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மேகலா, நாற்பது வயது, கடிகாரம் பழுதுபார்ப்பவள், காது கேளாதவள். அப்பா இறந்த பிறகு சகோதரர்கள் இருவரும் வீட்டைத் தங்கள் பேருக்கு மாற்றத் திட்டமிடுகிறார்கள். மேகலா கூடத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்து, அந்தக் கோடியில் பேசுபவர்களின் உதட்டசைவைப் படித்தே முழுச் சூழ்ச்சியையும் கண்டுபிடித்துவிடுகிறாள். முதல் வரைவு இப்படித்தான் இருந்தது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கதைச்சுருக்கம் ஒன்று, இரண்டு பக்கத்துக்குள். முழு வரைவு இப்போது வேண்டாம். சுருக்கத்தை மாற்றுவது ஒரு மாலை நேர வேலை. முந்நூறு பக்கத்தை மாற்றுவது ஒரு வருட வேலை.

தனியாக ஒரு நோட்டு. தெரிந்துகொண்டது, யாரிடமிருந்து, எப்போது என்று எழுதிவைக்க. பின்னால் ஒரு காட்சியை ஏன் அப்படி எழுதினோம் என்று நமக்கே மறந்துபோகும்.

படித்துக் கருத்துச் சொல்பவர்களுக்குக் கொடுக்க ஒரு தொகை. எவ்வளவு என்பது உங்கள் வசதி, அவர்கள் கேட்பது இரண்டையும் பொறுத்தது. முதலிலேயே ஒதுக்கி வைக்காவிட்டால் கடைசியில் "நட்புக்காகப் படித்துத் தாருங்களேன்" என்று கேட்கத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு காட்சியை, தேவைப்பட்டால் கதையையே, கைவிடுவதற்கான மனது. அது இல்லாமல் கேட்கிற எந்தக் கேள்வியும் ஒப்புதல் வாங்குவதற்காகக் கேட்பதாகவே முடியும்.

1. இப்போது யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்

யாரையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு, கதையில் வரும் எல்லோரையும் எழுதுங்கள். பெயர் இருக்கிறதா, என்ன வேண்டும் என்று நினைக்கிறார், கதையில் எதையாவது தீர்மானிக்கிறாரா, கடைசியில் என்ன ஆகிறார். நாலு பத்தி போதும்.

கண்ணில் அறைவது பெரும்பாலும் முதல் இரண்டு பத்திகள்தான். வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயரே இருக்காது. ஏழைக் கதாபாத்திரத்துக்கு விருப்பம் என்ற இடத்தில் "நாயகனுக்கு உதவ" என்று எழுத வேண்டியிருக்கும். இதைப் பார்க்காமல் புதிதாக ஒருவரைச் சேர்த்தால், அவரும் பெயரோடு வந்து அதே வேலையைத்தான் செய்வார்.

பெண் பாத்திரங்களுக்கு இன்னொரு எளிய சோதனை உண்டு. அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் அலிசன் பெக்டெல் 1985இல் வரைந்த ஒரு சித்திரக்கதையில் வந்தது: குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக மட்டும் இருக்கக் கூடாது. இதில் தேறிவிட்டால் கதை நல்ல கதை என்று அர்த்தமில்லை, தேறாவிட்டால் மோசம் என்றும் இல்லை. காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சூடு இருக்கிறது என்று சொல்லும், நோய் என்ன என்று சொல்லாது.

2. இந்தக் கதையில் உங்கள் இடம் எது என்று முடிவு செய்யுங்கள்

காது கேளாத ஒருத்தி இருக்கும் கதை வேறு. காது கேளாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்பதைப் பற்றிய கதை வேறு. முதலாவதைக் கவனத்தோடு யாரும் எழுதலாம், எழுதவும் வேண்டும். இல்லாவிட்டால் எல்லோருடைய கதையிலும் தங்களைப் போன்றவர்கள் மட்டுமே உலவுவார்கள். இரண்டாவதை வெளியிலிருந்து எழுதுவதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட ஒருவர் தன் அடையாளத்தோடு மல்லுக்கட்டுவதே கதையின் மையம் என்றால், அந்த மல்லுக்கட்டு நமக்குச் செவிவழிச் செய்திதான். சாதி, பாலினம், மதம், தோல்நிறம், உடல்நிலை என எதுவானாலும் இந்தக் கோட்டை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக எழுத்தாளரிடம் சான்றிதழ் கேட்கும் எல்லைக்கும் போக வேண்டாம். 2015இல் கொரின் டைவிஸ் என்ற எழுத்தாளர், தன் அடையாளத்தையே பகிரும் பாத்திரங்களை எழுதுபவர்களின் நூல்களைப் பரிந்துரைக்க 'ஓன் வாய்சஸ்' (சொந்தக் குரல்கள்) என்ற சொல்லைத் தொடங்கிவைத்தார். நல்ல நோக்கம். ஆனால் போகப்போக அது விளம்பர முத்திரையாகவும் ஆனது. வெளியே சொல்ல விரும்பாத விஷயங்களைச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி சில எழுத்தாளர்களுக்கு வந்தது. 2021இல், சிறார் நூல்களில் பன்முகத்தன்மைக்காக இயங்கும் 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' என்ற அமெரிக்க அமைப்பு அந்தச் சொல்லைக் கைவிட்டது. ஆகவே கேள்வியை உங்களிடம் மட்டும் கேளுங்கள்: இந்தப் பாத்திரத்தைப் போலவே வாழும் ஒருவர் இந்தக் கதையைக் கையில் எடுப்பார் என்று நினைத்து எழுதுகிறேனா, அல்லது அவர் படிக்கவே மாட்டார் என்ற துணிச்சலில் எழுதுகிறேனா?

3. விருப்பத்தை முதலில் எழுதுங்கள், அடையாளத்தை அப்புறம்

மேகலாவைப் பற்றி நண்பர் எழுதிவைத்திருந்த குறிப்பில் முதல் வரி, "காது கேளாதவள், பொறுமைசாலி, யாரையும் காயப்படுத்தாதவள்." இந்த மூன்றிலும் அவளுக்கு என்ன வேண்டும் என்பதே இல்லை. அதைக் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பாவின் பட்டறை அறை அவளுக்கு வேண்டும். வீடு யாருக்குப் போனாலும் சரி" என்றார். அந்த நிமிடம்தான் மேகலா எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

விருப்பம் தெரிந்த பிறகு, அந்த விருப்பத்தை அடையும் வழியை அவளுடைய உடலும் சமூக இடமும் எப்படி மாற்றுகின்றன என்று யோசியுங்கள். தலைகீழாகச் செய்தால் கிடைப்பது வழக்கமான பொம்மைகள்: எதையும் பொறுக்கும் தெய்வப் பிறவி, இரக்கத்துக்காகவே படைக்கப்பட்ட பாவப்பட்டவர், நாயகனுக்குத் தக்க சமயத்தில் ஞானம் சொல்லிவிட்டு மறைந்துபோகும் கிழவர், முகத்தில் தழும்பு இருப்பதாலேயே வில்லன்.

அதற்காக மேகலாவைக் குறையே இல்லாதவளாக எழுதுவதும் தப்பு. அவளுக்குப் பிடிவாதம் இருக்கட்டும், சின்னச் சின்னப் பொய் சொல்லட்டும். ஆனால் அந்த இனத்துக்கே உரியது என்று ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் குறையாக அது இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் பழைய பழியை நீங்களும் ஒருமுறை உறுதிப்படுத்துகிறீர்கள். ஒரே அடையாளம் கொண்டவர்கள் இரண்டு பேராவது கதையில் இருந்தால் இந்தச் சுமை குறையும். ஒருவர் மட்டும் இருந்தால், அவர் செய்வதெல்லாம் அந்தக் கூட்டமே செய்வதாக வாசகர் எடுத்துக்கொள்வார்.

4. தேடலுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்

பலர் நேராக மனிதர்களிடம் போய்விடுகிறார்கள். முதலில் படியுங்கள். அந்த மக்கள் தாங்களே எழுதியவை, பேசியவை, எடுத்த காணொளிகள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை அப்புறம். ஏற்கெனவே எழுத்தில் கிடைக்கிற ஒரு விஷயத்துக்காக ஒருவருடைய நேரத்தையும் வலியையும் கேட்பது நியாயமில்லை. அதோடு, அடிப்படை தெரிந்துகொண்டு போனால்தான் கேள்வி கூர்மையாக இருக்கும்.

இது நானே தடுக்கி விழுந்த இடம். என் ஆரம்பகாலக் கதை ஒன்றில் பார்வையற்ற பெண், புதிதாகச் சந்தித்த ஒருவனின் முகத்தை விரலால் தடவி அவனை அறிந்துகொள்கிறாள். அழகான காட்சி என்று நினைத்தேன். பார்வையற்ற வாசகர் ஒருவர் கேட்டார்: "முன்பின் தெரியாதவர் முகத்தை நீங்கள் தடவுவீர்களா? நாங்கள் மட்டும் ஏன் தடவ வேண்டும்?" குரலை வைத்து ஆளை அறிவதுதான் தன் வழக்கம் என்றார். நான் அந்தக் காட்சியைப் பார்த்தது மற்ற கதைகளில், வாழ்க்கையில் அல்ல. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. பார்வையற்றவர்கள் என்று சொல்லப்படுகிறவர்களில் முழு இருளில் இருப்பவர்கள் குறைவு, பெரும்பாலோருக்கு வெளிச்சமோ உருவமோ ஓரளவு தெரியும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களிலும் எழுந்து நாலு அடி நடக்கக்கூடியவர்கள் நிறைய உண்டு. அதைக் கதையில் 'நாடகம் அம்பலமானது' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது மேகலாவுக்கு வருவோம். கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல், "மாத்திடலாமா" என்று சொல்லுங்கள். அடுத்து "பாத்திடலாமா" என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். பகரமும் மகரமும் இரு உதடும் சேர்ந்து பிறப்பவை. வித்தியாசம் மூக்கு வழியாகக் காற்று போகிறதா என்பதில்தான், அது கண்ணுக்குத் தெரியாது. அடிநாக்கில் பிறக்கும் ககரம் உதட்டில் தடயமே விடாது. உதட்டைப் படிப்பவர் பாதியைப் பார்க்கிறார், மீதியை இடம் பொருள் பார்த்து ஊகிக்கிறார். பேசுபவர் முகம் திரும்பினால், மீசை உதட்டை மறைத்தால், பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அதுவும் போச்சு. கூடத்தின் மறு கோடியிலிருந்து ஒரு சூழ்ச்சியை முழுதாகப் படிப்பதெல்லாம் நடக்காது.

நண்பர் இதைக் கேட்டு முதலில் சோர்ந்துபோனார். கதையின் உச்சமே போய்விட்டதே! ஆனால் தேடலில் இன்னொன்றும் கிடைத்திருந்தது. பேச்சு ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்த வைக்கச் சங்கடப்பட்டு, புரியாதபோதும் தலையாட்டிவிடுவது காது கேளாதவர்கள் பலருக்குப் பழகிப்போன ஒன்று. இரண்டாம் வரைவில் தம்பி, "பத்திரத்தில் பேரை மாத்திடலாமா?" என்கிறான். மேகலா, "பேரைப் பாத்திடலாமா?" என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுகிறாள். அவர்கள் அதைச் சம்மதம் என்கிறார்கள். அதற்கப்புறம் வருவதுதான் கதை. கற்பனையைவிட உண்மை அவருக்கு நல்ல முடிச்சைக் கொடுத்தது.

மனிதர்களிடம் பேசும்போது, "உங்கள் வாழ்க்கையில் பட்ட பெரிய அவமானம் என்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள். காலையில் எப்படி எழுந்துகொள்கிறீர்கள், வாசலில் ஆள் வந்தால் எப்படித் தெரியும், கூட்டமாகச் சாப்பிட உட்காரும்போது எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். கதைக்கு உயிர் கொடுப்பது இவைதான். தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம், மணி அடித்தால் மின்னும் விளக்கு, எல்லோர் முகமும் தெரிகிற நாற்காலி. சைகை மொழி தெரிந்தவர்கள் மின்சாரம் போனால் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும் என்பது ஒரு முழு அத்தியாயத்துக்கான விஷயம்.

ஒருவரிடம் மட்டும் பேசி நிறுத்தாதீர்கள். அவர் நம்பிச் சொன்ன அந்தரங்கச் சம்பவத்தை, கேட்காமல் கதையில் வைக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் அவருக்குத் தெரியும்.

5. எழுதும்போது: கதைசொல்லியின் வாயைக் கவனியுங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. வினைமுற்றை எழுதும்போதே ஒருவருக்கு மரியாதை உண்டா இல்லையா என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். வந்தான், வந்தாள், வந்தார். டாக்டர் வந்தார், டிரைவர் வந்தான் என்று கை தானாக எழுதிவிடும். பாத்திரங்கள் அப்படிப் பேசலாம். அது அவர்கள் குணம். கதைசொல்லியும் அப்படிப் பேசினால் அது உங்கள் குரல்.

முதல் வரைவில் முப்பத்தைந்து வயதுத் தம்பி "சொன்னார்", நாற்பது வயது மேகலா "நின்றாள்". நண்பர் கவனிக்கவே இல்லை. பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் எந்த விகுதி என்று எழுதுங்கள். அப்புறம் ஒரு விதி வையுங்கள்: எல்லோருக்கும் ஆன், ஆள், அல்லது எல்லோருக்கும் ஆர், அல்லது வயதின்படி. எதுவானாலும் தொழிலும் சாதியும் செல்வமும் அந்த விதியைத் தீர்மானிக்கக் கூடாது. நண்பர் கடைசியில் தம்பியை "சொன்னான்" ஆக்கினார். அந்த ஒரு மாற்றத்திலேயே கூடத்தில் மேகலாவின் உயரம் கூடிவிட்டது.

திருநங்கை, திருநம்பிப் பாத்திரங்களுக்கு இது இன்னும் முக்கியம். சிறுவயதை நினைவுகூரும் காட்சியில் விகுதியும் பழைய பெயரும் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அதைத் தற்செயலாக விடாதீர்கள். பலர் கடந்த காலத்திலும் இன்றைய பெயரிலேயே அறியப்பட விரும்புகிறார்கள்.

அடுத்தது மரபுத்தொடர்கள். குருட்டு நம்பிக்கை, நொண்டிச்சாக்கு, செவிடன் காதில் ஊதிய சங்கு. இவை நம் நாக்கிலேயே இருப்பவை, யோசித்து எழுதுவதில்லை. மேகலாவின் கதையில் பதினேழாம் பக்கத்தில் அந்தச் சங்கு இருந்தது, அதுவும் அவளைப் பற்றியே அல்லாமல், சொன்னபடி கேட்காத ஒரு குமாஸ்தாவைப் பற்றி. அந்த வரியை ஒரு காது கேளாத வாசகி எந்த மனநிலையில் கடந்துபோவாள் என்று நினைத்துப் பாருங்கள். வரைவு முடிந்ததும் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். கணினியில் பத்து நிமிட வேலை.

வர்ணனையிலும் ஒரு கணக்கு உண்டு. யாருடைய தோல்நிறத்தை மட்டும் சொல்கிறீர்கள்? கறுப்பாக இருப்பவரை மட்டும் நிறம் சொல்லி அறிமுகப்படுத்தினால், மற்ற எல்லோரும் இயல்பு, இவர் விலக்கு என்றாகிறது. பேச்சு வழக்கும் அப்படித்தான். முதலாளி எழுத்துத் தமிழில் பேச, வேலையாள் மட்டும் கொச்சையில் பேசினால் அது வட்டார வழக்கு ஆகாது. ஒன்று, எல்லோரையும் அவரவர் பேசுகிற மாதிரி பேச விடுங்கள். இல்லையென்றால் யாரையும் வேண்டாம்.

வசைச் சொற்களைப் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். கொடுமையைக் காட்ட அது தேவைப்படலாம். ஒருமுறை வந்தால் வாசகருக்குப் புரிந்துவிடும். எட்டு முறை வந்தால், அடிபடுகிற வாசகருக்கு எட்டு அடி. சொல்லைவிட, அதைக் கேட்ட முகத்தை எழுதுங்கள்.

6. யாருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்

முதல் படியில் போட்ட கட்டத்தைத் திரும்ப எடுங்கள். கடைசிப் பத்தி மட்டும். செத்துப்போகிறவர்கள் யார்? கதையிலேயே ஒரே திருநங்கை, அவள்தான் சாகிறாளா? நாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பெண் சிதைக்கப்படுகிறாளா? மாற்றுத்திறனாளிப் பாத்திரம் கடைசியில் குணமாகிறதா? அந்தக் கடைசி முடிவை மகிழ்ச்சியானது என்று பலர் நம்புகிறார்கள். இப்படியே இருந்தால் வாழ்க்கை நிறைவடையாது என்று அது சொல்லிவிடுகிறது என்பது எழுதியவருக்குத் தெரிவதில்லை.

மரணமே கூடாது என்று சொல்லவில்லை. கதை அதைக் கேட்கிறதா, பழக்கம் கேட்கிறதா என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

7. அந்த வாழ்க்கையை வாழும் வாசகரிடம் கொடுங்கள்

இரண்டு முறை. கதைச்சுருக்கத்தை முதலில், இரண்டாம் வரைவை அப்புறம். சுருக்கத்தில் முடிச்சின் பிழை தெரியும். வரைவில் காட்சியின் பிழை தெரியும். இப்படிப் படித்துச் சொல்பவரைப் பதிப்புலகில் சென்சிடிவிட்டி ரீடர் என்று சொல்வார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று மொட்டையாகக் கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது, எது நடக்கவே நடக்காது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் புதையல் கிடைக்கும்.

இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் பயப்பட வேண்டாம். ஒரு சமூகம் ஒரே குரலில் பேசாது. இரண்டு கருத்தின் காரணத்தையும் கேட்டு, முடிவை நீங்கள் எடுங்கள். பொறுப்பும் உங்களுடையதே. நாளைக்கு ஒரு விமர்சனம் வந்தால், "அவரிடம் காட்டித்தானே வெளியிட்டேன்" என்று அந்த வாசகரை முன்னால் நிறுத்தக் கூடாது. நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் அவரிடம் கேளுங்கள்.

8. மேலிருந்து கீழே திருத்துங்கள்

முதலில் முடிச்சு, அப்புறம் காட்சி, அப்புறம் வாக்கியம், கடைசியில் சொல். புதியவர்கள் சொல்லிலிருந்து தொடங்குகிறார்கள், அது சுலபம் என்பதால். பத்து சொல்லை மாற்றியதும் வேலை முடிந்த நிறைவு வந்துவிடும். கூடத்தின் மறு கோடியிலிருந்து உதட்டைப் படிக்கும் மேகலா அப்படியே இருப்பாள்.

9. வெளிவரும்போதும் வந்த பிறகும்

அட்டைப்படத்தையும் பின்னட்டை வரிகளையும் அச்சுக்கு முன் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே இவ்வளவு கவனமாக எழுதிவிட்டு, பின்னட்டையில் "ஊனத்தை வென்ற ஒரு பெண்ணின் கண்ணீர்க் கதை" என்று வந்துவிடும்.

குறை சொல்லி யாராவது எழுதினால், அன்றே பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். அவர் சொன்னது சரி என்று பட்டால், எது தப்பு என்பதை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்ற தொடர் வேண்டாம். புண்பட்டவர்தான் எதிரில் நிற்கிறாரே. சரியில்லை என்று பட்டால் நன்றி சொல்லிவிட்டு, அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிவையுங்கள்.

மறுபதிப்புக்கென்று திருத்தங்களைப் பக்க எண்ணோடு தனிக் கோப்பில் சேர்த்துவாருங்கள். மின்நூலில் இன்றைக்கே மாற்றலாம். அச்சுநூலுக்கு, அடுத்த பதிப்புப் பேச்சு வரும் அன்றே அந்தக் கோப்பைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய கோப்பையே அச்சுக்கு அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது.